பழைய கியூவை வெட்டலாமா, புதிதாகக் கடையலாமா?

வாசகர் கேள்வி பதில்: பூல், ஸ்னூக்கர்

போன இதழில் ஒரு பழைய கியூவின், அதாவது பந்தை அடிக்கும் கோலின், படம் போட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பழைய ஒற்றைக்கட்டை கியூவை வெட்டி, ஜாயிண்ட் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டு, புது கியூ ஆக்குவது நல்லதா, இல்லை நல்ல மரம் வாங்கி முதலிலிருந்தே செய்வது நல்லதா? கியூ பழுது பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஐந்து கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், முதல் இரண்டுக்குக் கொஞ்சம் நீளமாக.

பட்டர்வொர்த் வாசகர் கேட்கிறார்: அண்ணே, பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய கியூ 180 வெள்ளிக்குக் கிடைத்தது. ஒரே கட்டை. பிடி கருப்பு, அடியில் சின்னத் தகடு, அதில் பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் என்ற பெயர். நான் ஆடுவது நைன்பால், ஒன்பது பந்து பூல். மோட்டார் சைக்கிளில் போகிறவன், ஒற்றைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. இதை இரண்டாக வெட்டி பூல் கியூவாக மாற்றலாமா? புதிதாகச் செய்வதைவிட மலிவு என்று ஒருவர் சொன்னார்.

பதில்: தம்பி, முதலில் ரம்பத்தைக் கீழே வையுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருங்காலிப் பிடி, ஆஷ் மரத் தண்டு, தண்டின் மேல் அம்பு அம்பாக ஓடும் ரேகை, நுனி 9.5 மில்லிமீட்டர் என்று நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்னூக்கர் கியூ. பூல் கியூவின் நுனி பெரும்பாலும் 12.75 அல்லது 13 மில்லிமீட்டர் இருக்கும். மரத்தைச் சீவிக் குறைக்கலாம், கூட்ட யாராலும் முடியாது. ஆக, அதை பூல் கியூ ஆக்குவதென்றால் அந்த ஆஷ் தண்டைக் கழித்துவிட்டு மேப்பிளில் புதுத் தண்டு கடைய வேண்டும், அப்புறம் உங்கள் கையில் மிஞ்சுவது பழைய பிடி மட்டும்தான்.

அந்தப் பிடியையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். கருங்காலி மேலே ஏறி ஆஷ் மரத்தில் முடியும் இடம் நாக்கு போல் வளைந்து முடிகிறதா, ஈட்டி முனை போல் கூராக முடிகிறதா? வளைந்து முடிந்தால் அது கையால் இணைத்தது. ஆஷ் மரத்தை நான்கு பக்கமும் சரிவாகச் சீவி, ஒவ்வொரு பக்கமும் கருங்காலிப் பலகை ஒட்டி, பிறகு உருட்டியிருப்பார்கள். உள்ளே ஆஷ் மரம் நுனியிலிருந்து அடிவரை ஒரே கட்டையாக ஓடுகிறது. கூராக முடிந்தால் இயந்திரத்தில் பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தது. உங்கள் படத்தில் வளைவுதான் தெரிகிறது. அதை நடுவில் அறுப்பது அந்த ஓட்டத்தை அறுப்பது.

பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் 1836-இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். வெள்ளைக்காரர்கள் காலத்து கிளப்புகள் வழியாக இப்படிப்பட்ட கியூக்கள் இந்தப் பக்கம் நிறையவே வந்திருக்கின்றன. தகடு இருப்பதாலேயே கியூ அந்தக் காலத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், தகட்டை மட்டும் பெயர்த்து வேறொன்றில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தகட்டின் ஓரத்தில் புதுப் பசை பிதுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மேசையில் உருட்டிப் பார்த்தேன், ஆடுகிறது, வளைந்திருக்கிறது போல என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்னூக்கர் கியூவின் அடியில் தகடு இருக்கும் பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அது உருளும்போது ஆடத்தான் செய்யும். கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரக்கோடு நேராக ஓடினால் கியூ நேர்தான்.

மலிவு என்று சொன்னவர் ஒன்றே ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்த வேலையில் மரத்தின் விலை சின்னது, உழைப்புதான் பெரிது. பழையதை மாற்றும்போது பழைய வார்னிஷை எடுக்க வேண்டும், பசை விட்ட இடங்களை மறுபடி ஒட்ட வேண்டும், புதிதாய்த் தண்டு கடைய வேண்டும், ஜாயிண்ட், ஃபெரூல் (நுனியை மூடும் வளையம்), டிப் (நுனித் தோல்), அடி ரப்பர் எல்லாம் போட வேண்டும். புது கியூவில் செய்யும் வேலையில் முக்கால்வாசி இதிலும் உண்டு, மேலதிகமாக முந்தைய கைவேலையைக் கெடுக்காமல் செய்யும் பொறுப்பும் சேர்கிறது. காசு மிச்சம் என்று நினைத்துப் பழைய கியூவை வெட்டாதீர்கள். அந்தக் கட்டை உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். அந்த கியூவுக்கு நல்ல டிப் ஒன்று போட்டு, வழக்கமாக ஆடும் சென்டரிலேயே லாக்கரில் வைத்துவிட்டு ஸ்னூக்கர் ஆடிப் பாருங்கள். நைன்பாலுக்கு வேறு கியூ வாங்குங்கள். மோட்டாரில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் அடியிலிருந்து 16, 17 அங்குலத்தில் வெட்டி முக்கால் ஜாயிண்ட் போடலாம், அப்போதும் நீளமான பகுதி 41 அங்குலம் இருக்கும். அதையாவது மனம் ஒப்பிச் செய்யலாம், வெட்டு பிடிப்பக்கம் விழுவதால் ஆஷ் தண்டு ஆடுமிடத்தில் முழுசாக நிற்கும். நடுவில் மட்டும் வெட்டாதீர்கள்.

செந்தூல் வாசகர் கேட்கிறார்: அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஒரு பழைய பிரன்ஸ்விக் டைட்லிஸ்ட் ஒற்றைக்கட்டை கியூவைக் கொண்டுவருகிறேன் என்கிறார். பெரிய பெரிய கியூ ஆசாரிகள் எல்லாம் அதை வெட்டித்தான் கியூ செய்தார்களாம், உண்மையா? அதை மாற்றுவதா, அதே செலவில் புதிதாக ஒன்று சொல்லிச் செய்வதா?

பதில்: உண்மைதான். டைட்லிஸ்ட் என்பது பிரன்ஸ்விக் நிறுவனம் செய்து, பூல் கூடங்களின் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பொது கியூ, வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்து ஆடியது. அடிப்பக்கக் கருமரமும் முன்பக்க மேப்பிளும் விரல் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கி நிற்கும், அதைத்தான் ஃபுல் ஸ்ப்ளைஸ் என்கிறோம். சிகாகோவில் ஹெர்மன் ராம்போ, நியூயார்க்கில் ஜார்ஜ் பலபுஷ்கா என்று பேர்பெற்ற கைகள் இந்தக் கட்டைகளை வெட்டித்தான் பல கியூக்களைச் செய்தன. பலபுஷ்கா ரஷ்யாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர், 1959-இல் கியூ செய்ய ஆரம்பித்து 1975-இல் இறந்துபோனார். ஆரம்பத்தில் அவர் கையில் எடுத்தது டைட்லிஸ்ட் கட்டைகளைத்தான், பிறகுதான் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்த கட்டைகளுக்கு மாறினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது ஒரு முறை அந்த மாதிரிக் கட்டையைக் கடைசலில் ஏற்றியவனுக்குப் புரியும். நன்றாகக் காய்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்து, இனி அசையமாட்டேன் என்று நிற்கும் மரம். வைரம் பாய்ந்த கட்டை என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். சாதாரணமாகச் செய்யும் கியூவில் முன்பகுதியும் பிடியும் சேரும் இடத்தில், நூல் சுற்றுக்குக் கீழே, ஒரு ஸ்க்ரூவும் பசையும் ஒளிந்திருக்கும். அங்கே கொஞ்சம் இடைவெளி விட்டாலும் அடிக்கும்போது வண்டு போல ரீங்கும். ஃபுல் ஸ்ப்ளைஸில் அந்த இணைப்பே கிடையாது. பந்தில் பட்டதும் அதிர்வு அடிவரை ஒரே அடியாகக் கைக்கு வரும்.

இவ்வளவு சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். பழைய கட்டையில் நீங்கள் முதலாளி இல்லை, அதன் சரிவுதான், அதாவது அடியிலிருந்து நுனிவரை அது மெலியும் விதம்தான் முதலாளி. அடியிலிருந்து 29 அங்குலத்தில் வெட்டினால் அந்த இடத்தில் என்ன பருமன் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஜாயிண்ட். பூல் கியூவுக்கு அங்கே 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பழைய வார்னிஷையும் அழுக்கையும் எடுத்த பிறகு 20-க்கு இறங்கிவிட்டால் ஜாயிண்ட் மெலிந்து, கியூ கையில் சாட்டை போல நிற்கும். ஆகவே மைத்துனரிடம் இப்போதே ஒரு வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வாங்கி அந்த இடத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கால் மில்லிமீட்டர் இங்கே பெரிய விஷயம்.

அடுத்தது வளைவு. இதில் நான் சூடுபட்டவன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இதே போன்ற ஒரு கட்டையைக் கொண்டுவந்தார். கண்ணால் பார்த்தேன், நேராகத்தான் தெரிந்தது. வெட்டிவிட்டேன். பிறகு கடைசலில் ஏற்றிச் சுற்றியபோதுதான் நடுவில் லேசாகத் துள்ளியது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனாலென்ன, சீவி நேராக்கிவிடலாம் என்று உளியை வைத்தேன். துள்ளுகிற பக்கம் மட்டும் மரம் போகும், எதிர்ப்பக்கம் போகாது. நான்கு கூர்முனைகளும் முதலில் ஒரே வட்டத்தில் முடிந்திருந்தன. சீவி முடித்துத் துடைத்துப் பார்க்கிறேன், ஒன்று மற்றதைவிட ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டது, அதன் ஓரத்து மெல்லிய வண்ணத் தகடும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் நூலாகிவிட்டது. அந்தக் கோப்பைச் செய்தவன் நான்கு முனையையும் ஒரே கோட்டில் நிறுத்த எவ்வளவு பாடுபட்டிருப்பான்! கட்டையைக் கொண்டுவந்த பெரியவர் அதை மெதுவாகச் சுழற்றி, அந்தக் குட்டை முனை மேலே வந்ததும் நிறுத்தி, கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எந்தப் பழைய கட்டை வந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் முழு நீளத்தையும் கடைசலில் ஏற்றிச் சுற்றிப் பார்க்காமல் நான் தொடுவதில்லை. உங்கள் கியூவை யாரிடம் கொடுத்தாலும் அப்படிச் செய்கிறாரா என்று கேளுங்கள்.

மூன்றாவது, பசை. அந்தக் காலத்தில் தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசைதான் பரவலாகப் புழங்கியது. குளிர் நாட்டில் அது நன்றாகவே நின்றுவிடும். நம் ஊர் ஈரக்காற்றும் கார் சூடும் அதற்கு எமன். இங்கே வந்து ஒரு வருடத்தில் கூர்முனையோரம் மயிரிழையாகப் பிளவு கண்டால் ஆச்சரியப்படாதீர்கள், நல்ல ஆள் என்றால் மெல்லிய பசையை உள்ளே இழுக்கவிட்டு மூடிவிடுவார்.

இப்போது புதிதாகச் செய்வதைப் பார்ப்போம். அதில் எல்லாம் உங்கள் விருப்பம். ஜாயிண்ட் பருமன், எடை 18 அவுன்ஸா 20 அவுன்ஸா, கனம் முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா, கை சின்னது என்றால் பிடி மெலிதாக, ஸ்டீல் ஜாயிண்டா மரத்தோடு மரமா, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு விலையாகக் காலத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு தண்டை 25 மில்லிமீட்டரிலிருந்து 13-க்கு ஒரே நாளில் இறக்க முடியாது. கொஞ்சம் சீவித் தொங்கவிட வேண்டும், சில வாரம் கழித்து மறுபடி சீவ வேண்டும், ஒவ்வொரு முறையும் மரம் உள்ளே அடக்கி வைத்திருக்கும் முறுக்கு கொஞ்சம் வெளியே வரும். நேர்மையாகச் செய்தால் மாதக்கணக்கில் ஆகும்.

சரி, என் முடிவு. மைத்துனர் அனுப்பும் அளவில் ஜாயிண்ட் பருமன் சரியாக இருந்து, கடைசலில் சுற்றும்போது துள்ளாமல் இருந்தால் மாற்றுங்கள். கூடவே இரண்டு புது மேப்பிள் தண்டு செய்துகொள்ளுங்கள், பழைய மேல்பாதியையும் தூக்கிப் போடாமல் உறையில் வைத்திருங்கள். முத்துப் பதிப்பது, பொன் வளையம் போடுவது எல்லாம் வேண்டாம், அந்தக் கட்டைக்கு அதுவே அழகு. அளவு சரியில்லை என்றால் அப்படியே சுவரில் மாட்டிவிட்டு, அதே கோப்பு முறையில் புதுக்கட்டை ஒன்றைச் சொல்லிச் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில், வளைந்த பழைய கட்டையை எப்படியாவது நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

பத்துமலை வாசகி கேட்கிறார்: தாத்தா வீட்டை இடிக்கிறார்கள். வாசல் நிலை செங்கால் மரம். அதில் தம்பியின் பிறந்தநாளுக்கு ஒரு பூல் கியூ செய்து கொடுக்க ஆசை. முடியுமா, அண்ணா?

பதில்: முடியும் தங்கச்சி, இந்த மாதக் கடிதங்களில் என்னை அதிகம் தொட்டது உங்களுடையதுதான். திரங்கானுவில் படகு கட்டிய மரம் அது, கடல் தண்ணீரையே தாங்கும்.

ஆனால் கனம். செங்கால் ஒரு கன மீட்டருக்கு 950 கிலோ அளவில் வரும், மேப்பிள் 700 தான். முழுப் பிடியையும் செங்காலில் செய்தால் உலக்கையைத் தூக்கி ஆடுவது போல இருக்கும். அதனால் செங்காலை நடுவில் துளைத்து, உள்ளே மேப்பிள் குச்சியைப் பசையிட்டு இறக்க வேண்டும். முன்பகுதியில் அந்தக் குச்சி 16 மில்லிமீட்டர் என்றால், ஜாயிண்ட் பக்கம் வெளியே நிற்கும் செங்கால் இரண்டரை மில்லிமீட்டர் சுவர்தான். கண்ணுக்குத் தெரிவது முழுக்கத் தாத்தா வீட்டு நிலை, கையில் கனம் குறைந்திருக்கும். தண்டு மட்டும் மேப்பிளிலேயே இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. நிலையில் மாவிலைத் தோரணம் கட்ட வருடாவருடம் ஆணி அடித்திருப்பீர்கள். தலை முறிந்து உள்ளேயே கிடக்கும் ஆணி கண்ணுக்குத் தெரியாது, உளி அதில் மோதினால் உளியும் போகும் மரமும் போகும். காந்தத்தை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்த்து, கருப்புக் கறை படிந்த இடங்களை ஒதுக்கிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். மற்றது, செங்காலில் பிசின் உண்டு, டாமார் பெனாக் என்று மலாயில் சொல்லும் குங்கிலியம் இந்த மரத்திலிருந்து வருவதுதான். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைத்துவிட்டால்தான் பசை பிடிக்கும். மஞ்சள் குங்குமம் பட்ட பக்கம் எது என்று குறித்துக் கொடுங்கள், அந்தப் பக்கத்தின் ஒரு துண்டை அடிமூடியில் சேர்க்கலாம். பிறந்தநாள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாதம் என்றால் தம்பிக்கு மரத்தைக் காட்டி, கியூ பிறகு வரும் என்று சொல்லிவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர் கேட்கிறார்: பழைய கியூவின் நுனியில் தந்த ஃபெரூல் இருக்கிறது. அதை எடுத்து என் புது கியூவில் போட்டுச் சிங்கப்பூர் ஆட்டத்துக்குக் கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் வாணிபத்துக்கு 1989-இலேயே உலக அளவில் தடை முடிவானது, நம் நாட்டில் அதற்கென்று 2008-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. எல்லையில் பிடித்தால் கியூவும் போகும், வழக்கும் வரும். பிரேசில் நூக்கமரப் பிடிக்கும் இதே எச்சரிக்கை, அது 1992 முதல் அதே உலகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. தந்தம் காலப்போக்கில் வெடிக்கும் பொருளும்கூட. லினன் துணியும் மெலமைனும் சேர்த்துச் செய்யும் ஃபெரூல் நன்றாக உழைக்கிறது, அதைப் போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி கேட்கிறார்: வெளிநாட்டிலிருந்து சொல்லிச் செய்த புது கியூ, மூன்றே மாதத்தில் தண்டு வளைந்துவிட்டது. செய்தவர் ஏமாற்றிவிட்டாரா? பழைய மரத்தில் செய்திருந்தால் வளைந்திருக்காதா?

பதில்: ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே மேப்பிளை 6, 8 சதவீத ஈரத்துக்கு உலர்த்தித்தான் கடைகிறார்கள். கோலாலம்பூர் காற்றில் வெளியே கிடக்கும் மரம் 15 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பகலெல்லாம் வெயிலில் நிற்கும் கார், இரவு ஏர்கண்டிஷன் போட்ட சென்டர், மறுபடி கார் என்று அலைக்கழித்தால் எந்த மரமும் திரும்பத்தான் செய்யும், அறுபது வருடக் கட்டையும் கூட. பழைய மரம் கொஞ்சம் மெதுவாக அசையும், அவ்வளவுதான்.

தண்டை இரும்பில் சூடுகாட்டி நிமிர்த்துகிறேன் என்று வருபவர்களிடம் கொடுக்காதீர்கள், ஒரு வாரம் நேராக நிற்கும், பிறகு பழையபடி வளையும். காரில் வைப்பதை நிறுத்துங்கள். வீட்டில் குளியலறைச் சுவரும் வெயில் படும் சுவரும் இல்லாத ஓர் அறையில், இரண்டு துண்டையும் உறையிலிருந்து எடுத்து, நுனி மேலே இருக்கும்படி ஒரு மாதம் தொங்கவிடுங்கள். பிறகு கண்ணருகே வைத்துப் பாருங்கள். வளைவு குறைந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் அப்படியே விடுங்கள். குறையவே இல்லை என்றால் பிடியை வைத்துக்கொண்டு தண்டை மட்டும் புதிதாகச் செய்யலாம், ஜாயிண்ட் ஸ்க்ரூவின் அளவையும் வளையத்தின் விட்டத்தையும் மட்டும் எழுதி அனுப்புங்கள்.